மேலுக்கு ஸ்வெட்டர்... காலுக்கு?

மே மாதத்தின் முதல் வாரம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு துணிக்கடைக்குள் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நுழைந்து, "தெர்மல் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை. "ஊட்டிக்கா சார், இல்ல வடக்கயா?" என்றார். வடக்கே என்றதும் பையனை மாடிக்கு அனுப்பினார். டிசம்பரில் விற்காமல் மிச்சமான அட்டைப்பெட்டி ஒன்று தூசியோடு இறங்கி வந்தது. மேலுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. காலுக்கானதைத் திருப்பி, இடுப்புப் பட்டியின் உள்பக்கம் தைத்திருந்த சீட்டைப் படித்தேன். பாதிக்கு மேல் பருத்தி. "காட்டன் அதிகம் சார், தோல்ல கடிக்கவே கடிக்காது" என்றார் பெருமையாக.

நம் ஊரில் ஒரு துணிக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நற்சான்று அதுதான். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், மழையில் நனைந்து நிற்கும்போது, அதே பருத்தி ஆளைச் சாய்த்துவிடும்.

கோடை விடுமுறை விட்டால் தாம்பரம் வட்டாரத்தில் பாதிப் பேர் மலைக்குக் கிளம்புகிறார்கள். நங்கநல்லூரிலிருந்தும் மேற்குத் தாம்பரத்திலிருந்தும் பெரியவர்கள் பத்ரி, கேதார், முக்திநாத் என்று குழுவாகப் போகிறார்கள். பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஐ.டி. பிள்ளைகள் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஹம்ப்டா பாஸ், சார் பாஸ் என்று இமாசலத்துக்கு ரயிலேறுகிறார்கள். பக்கத்து மலைகளை விட்டு ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கலாம். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது நல்ல காரியம். ஆனால் காட்டுத்தீ பருவத்தில் அவை மூடப்படும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகும் இந்தக் கட்டுப்பாட்டை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆக, வெயில் காலத்து மலை என்றால் பலருக்கு இமயம் என்றாகிவிட்டது.

இவர்கள் எல்லாருடைய பையிலும் ஒரு ஜாக்கெட் இருக்கும். குல்லா, கையுறை, மஃப்ளர் எல்லாம் இருக்கும். காலுக்கு என்ன எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பையன்கள் ஜீன்ஸ் என்பார்கள். பெண்கள் லெக்கிங்ஸ் என்பார்கள். பெரியவர்கள் வேட்டி, புடவை, மிஞ்சிப்போனால் ஒரு ட்ராக் பேண்ட்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. இந்த வரம்புக்குள் வளர்ந்த நமக்குக் குளிர் என்பது காது, மூக்கு, நெஞ்சு சம்பந்தப்பட்ட விஷயம். மார்கழிக் காலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடைக்குப் போகிற மனிதர் கீழே அரைக்கால் சட்டையோடுதான் போகிறார். காலும் குளிரும் என்பதே நம் அனுபவத்தில் இல்லை.

என் அனுபவத்திலும் இல்லாமல்தான் இருந்தது. சில வருடங்களுக்கு முன், இதே மே மாதத்தில், இமாசலத்தில் ஒரு கணவாய் நடைக்குப் போனேன். மேலுக்கு நண்பரிடம் இரவல் வாங்கிய அருமையான இறகு ஜாக்கெட். காலுக்குக் காட்டன் ட்ராக் பேண்ட் இரண்டு. மூன்றாம் நாள் மதியம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. போட்டிருந்த பேண்ட் நனைந்தது. மாற்று பேண்ட் பையின் மேல்பக்கம் இருந்ததால் அதுவும் நனைந்தது. ராத்திரி கூடாரத்தில் படுத்தால், நெஞ்சில் கதகதப்பு. தொடைக்குக் கீழே வேறு யாருடைய காலோ ஒட்டிவைத்தது போல. முட்டியைக் கட்டிக்கொண்டு விடியும்வரை நடுங்கினேன். சமையலுக்கு வந்திருந்த மலைக்காரத் தம்பி, காலையில் என்னைப் பார்த்துவிட்டு, தன் மூட்டையிலிருந்து முரட்டுக் கம்பளிப் பைஜாமா ஒன்றை எடுத்து நீட்டினான். அவன் எதுவும் சொல்லவில்லை. அதைப் போட்டுக்கொண்ட பத்து நிமிடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னுடையது ஒரு ராத்திரித் தூக்கத்தோடு போயிற்று. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. 2024 ஜூன் முதல் வாரம். உத்தராகண்டில் சகஸ்ரதால் ஏரிக்கு, பெரும்பாலும் கர்நாடகத்தவர்களைக் கொண்ட 22 பேர் குழு போயிருந்தது. நாலாயிரம் மீட்டருக்கு மேல், திரும்பி வரும் வழியில் பனிப்புயல் சூழ்ந்தது. கண் தெரியவில்லை, நகர முடியவில்லை, ராத்திரி வெட்டவெளியில் கழிந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். மற்ற 13 பேரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதம், கோடை. அதற்கும் முன்னால், 1996 ஆகஸ்டில், அமர்நாத் பாதையில் திடீரென்று வந்த பனியிலும் மழையிலும் 240 பேருக்கு மேல் மாண்டார்கள். இன்றைக்கும் அமர்நாத் கோயில் வாரியம் யாத்திரைக்கு வருகிறவர்களுக்குத் தரும் அறிவுரைகளில், புடவை இந்தப் பாதைக்கு ஏற்ற உடையல்ல என்று தனியாகச் சொல்கிறது. அந்தப் புயல்களில் ஒரு பேண்ட் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மலையில் கோடை என்ற சொல்லை நம்பி மூட்டை கட்டக் கூடாது என்று சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உயரம் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி இறங்கும். தாம்பரத்தில் பிற்பகல் 38 டிகிரி என்று வையுங்கள். அதே வெயிலை அப்படியே 4,200 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால் 11 டிகிரி. இது பகலில், வெயிலில், காற்றில்லாதபோது. சூரியன் மறைந்தால் பூஜ்யம், அதற்கும் கீழே. ஊட்டியின் மே மாத ராத்திரியே பன்னிரண்டு டிகிரி அளவில்தான் இருக்கும். அதைப் பார்த்தே நாம் ரஜாய் கேட்கிறவர்கள்.

நடக்கிற கால், நிற்கிற கால்

இதற்காகக் காலுக்கு இரண்டு அடுக்குப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பிப்பதும் தவறு. தெர்மல் வாங்கிக்கொண்டு முதல் தடவை போகிறவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பின்பக்கத்திலும் இருக்கின்றன. தசை செலவழிக்கும் ஆற்றலில் சுமார் நாலில் ஒரு பங்குதான் நடையாகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. ஏற்றத்தில் நடக்கிற கால் எரிகிற அடுப்பு. அதற்கு மேல் தெர்மலைப் போட்டால் அரை மணியில் தொப்பலாக வியர்க்கும். அந்த வியர்வை துணியில் தங்கும். கணவாயின் உச்சியில் போட்டோ எடுக்க நிற்கும்போது அடுப்பு அணைந்துவிடும், ஈரம் மட்டும் மிச்சமிருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர் அப்போதுதான் கடிக்கும். முதலில் முட்டியைப் பிடிக்கும், ஏனென்றால் அங்கே சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை.

மேலாடைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வியர்த்தால் ஜாக்கெட்டைக் கழற்று, நின்றால் மாட்டு. பத்து வினாடி வேலை. காலுக்குள்ளே போட்ட தெர்மலைக் கழற்ற என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார ஒரு பாறை வேண்டும். ஷூவின் கயிற்றை அவிழ்க்க வேண்டும், விறைத்த விரலால். மேல் பேண்ட், உள் தெர்மல் இரண்டையும் உருவ வேண்டும். ஈரத்தில் சாக்ஸ் படாமல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஒதுங்க ஒரு மறைவு வேண்டும். மரம் முளைக்காத உயரத்தில் மறைவுக்கு எங்கே போவது? பெண்கள் இதற்காகவே நாள் முழுக்கத் தெர்மலோடு புழுங்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். காலுக்கு உடை தேர்ந்தெடுக்கும்போது எடை, விலை, கதகதப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும்: போட்டுக் கழற்ற முடியுமா, எங்கே, எப்போது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் ஒரு வழக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நடக்கும்போது சீக்கிரம் காயும் நைலான் அல்லது பாலியஸ்டர் பேண்ட் ஒன்று மட்டும், தொளதொளப்பாக. நின்றால், ஷூவைக் கழற்றாமலேயே அதற்கு மேலே இழுத்து மாட்டுகிற மாதிரி, பக்கவாட்டில் ஜிப் வைத்த மெல்லிய காற்றுத்தடுப்பு பேண்ட். முகாமுக்கு வந்து சேர்ந்து கூடாரத்துக்குள் நுழைந்த பிறகு, அதுவரை தொடாமல் வைத்திருந்த உலர்ந்த தெர்மல். விடிகாலை மூன்று மணிக்குப் பனிச்சரிவில் கிளம்புகிற ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குத் தெர்மலை உள்ளே போட்டுக்கொண்டு கிளம்பலாம், வெயில் ஏறும் முன் நிறுத்தத்தில் கழற்றிவிட வேண்டும்.

காற்றுத்தடுப்பு பேண்ட்டைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சுமார் நூறு கிராம் எடை, உருட்டினால் ஒரு கைப்பிடி. தொட்டுப் பார்த்தால் குடைத்துணி மாதிரி இருக்கும். இதில் என்ன கதகதப்பு வந்துவிடப்போகிறது என்று தோன்றும். துணிக்குள் சிறைப்பட்டு நிற்கிற காற்றுதான் கதகதப்பு. வீசுகிற காற்று நூலிடுக்கு வழியே புகுந்து அந்த வெதுவெதுப்பை வாரிக்கொண்டு போகிறது. அதை வாசலிலேயே நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கிற சாதாரண பேண்ட்கூட வேலை செய்ய ஆரம்பிக்கும். நூறு கிராமில் காலுக்கு இதைவிட நல்லது ஒன்றை நான் கண்டதில்லை. மழைக்கு வேறு வழியும் உண்டு. எடையைக் குறைத்து நடக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் மழைபேண்ட்டை விட்டுவிட்டு, நீர் புகாத துணியை இடுப்பில் பாவாடை மாதிரி சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். அடியில் காற்றோட்டம் இருக்கும், வியர்க்காது, ஷூவைக் கழற்ற வேண்டாம். வேட்டி கட்டத் தெரிந்த நமக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

லுங்கியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது பருத்தி, குளிருக்கு உதவாது. ஆனால் நாலு பேர் படுத்திருக்கும் கூடாரத்தில், லுங்கிக்குள்ளேயே உடை மாற்றுகிற பழக்கம் நம் ஆண்கள் பலருக்கும் உண்டு. பாவாடையைத் தலைவழியே இறக்கிக்கொண்டு உள்ளே மாற்றுகிற பழக்கம் நம் பெண்கள் பலருக்கும் உண்டு. மெல்லிய பாலியஸ்டர் துணியில் அப்படி ஒரு பாவாடையைத் தெருமுனைத் தையல்காரரிடம் தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறைவு இல்லாத மலையில் அதுவே மறைவு.

சீட்டைப் படியுங்கள்

குளிர் நாட்டு மலையேறிகள் பருத்தியை அறவே ஒதுக்குகிறார்கள். காரணம் எளிது. பருத்தி நூல் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே தன் எடையில் எட்டு சதவிகிதத்துக்கு மேல் ஈரம் வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவிகிதம்கூட வைத்திருக்காது. நனைந்த ஜீன்ஸில் அரை லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று வையுங்கள். அதை உடம்புச் சூட்டிலேயே காயவைக்க 290 கிலோ கலோரி வேண்டும். ஐந்தாறு இட்லியில் கிடைக்கிற சக்தி, ஒரு பேண்ட்டைக் காயவைக்கவே போய்விடும். சந்தேகமிருந்தால் வீட்டில் பரிசோதித்துப் பாருங்கள். ஒரு ஜீன்ஸையும் ஒரு பாலியஸ்டர் ட்ராக் பேண்ட்டையும் வாளியில் முக்கிப் பிழிந்து, அடுக்களைத் தராசில் நிறுத்து, ஹாலில் ஃபேனுக்கு அடியில் போடுங்கள். ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் மறுநாள் காலையிலும் சில்லென்று இருக்கும்.

ஜீன்ஸ் கூடாது என்பது பலருக்குத் தெரிந்துவிட்டது. லெக்கிங்ஸ்தான் ஏமாற்றுகிறது. உடம்போடு ஒட்டியிருக்கிறது, நீள்கிறது, தெர்மல் மாதிரியே தெரிகிறது. ஆனால் நம் கடைகளில் நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும் கிடைக்கிற லெக்கிங்ஸில் பெரும்பாலானவை பருத்தியில் கொஞ்சம் லைக்ரா கலந்தவை. நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு பிரியாது. பெண்கள் குழுவாகக் கிளம்பும் பயணங்களில் இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். எத்தனையோ ராத்திரிகள் நிம்மதியாகக் கழியும்.

பாலியஸ்டர் தெர்மல் மலிவு, லேசு. 150லிருந்து 200 கிராம். மூன்று நாளில் நாறும். அடுப்பங்கரைக் கூடாரத்தில் ஸ்டவ் பக்கத்தில் உட்காரும்போது கவனம் வேண்டும். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மெரினோ கம்பளியில் இந்த இரண்டு தொந்தரவும் இல்லை. எளிதில் நாற்றம் பிடிக்காது, உருகாது. காற்றிலிருந்து தன் எடையில் 16 சதவிகித ஈரத்தை இழுத்துக்கொண்டும், தொட்டால் உலர்ந்தது போலவே இருக்கும். நம் பாட்டி காலத்துக் கம்பளி குத்தும். அதன் ரோமம் தடிமன். உள்ளாடைக்கான மெரினோ ரோமம் பெரும்பாலும் 20 மைக்ரானுக்கும் கீழே. அது ஆஸ்திரேலியாக்காரர்களுடைய சரக்கு என்று நினைக்கிறோம். கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் 'பாரத் மெரினோ' ஆடுகள் மேய்கின்றன. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில், நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து 'சாண்டினோ' என்று ஓர் இனத்தையே உருவாக்கினார்கள். மெல்லிய ரோமம் தரும் ஆடு நம் மலையிலேயே இருக்கிறது. பின்னலாடைக்குப் பெயர்போன திருப்பூரும் நம்முடையது. இந்த இரண்டும் சேர்ந்து நமக்கு ஒரு மெரினோ கால்சட்டை நியாயமான விலையில் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு தடவை நாலாயிரம், ஐயாயிரம் என்று விலைச்சீட்டைப் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பட்டிலும் உள்ளாடை உண்டு. சுமார் நூறு கிராம்தான், தூங்குவதற்கு அருமை, நடைக்குத் தாங்காது. ஃப்ளீஸ் பேண்ட் முந்நூறு கிராம் அளவில் இருக்கும், மெத்தென்று, நனைந்தாலும் உதறினால் போதும். வயதானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இறகு அடைத்த பேண்ட் எடைக்குக் கொடுக்கும் கதகதப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் நனைந்தால் இறகு சப்பிப்போகும்; கோடை நடைக்கு அது அவசியமே இல்லை. தவிர, எதைப் போட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாலும் பின்பக்கம் நசுங்கிக் கதகதப்பு போய்விடும். ஒரு முழம் ஃபோம் ஷீட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிராம்.

விலை என்றதும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நினைவுக்கு வருகிறது. அங்கே பழைய துணிக் குவியலில் ட்ராக் பேண்ட்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். சீட்டெல்லாம் கிழிந்துபோனவை. எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று தெரியாமல் விழித்தபோது, கடை விரித்திருந்த அம்மா, "என்னா தேடுற தம்பி?" என்றார். சொன்னேன். ஒரு பேண்ட்டின் அடிமடிப்பிலிருந்து நூலொன்றை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினார். நூல் சுருண்டு, நுனியில் கடுகு மாதிரிக் கெட்டியாக உருண்டது. "இது ரப்பர் துணி. நல்லா காயும்." இன்னொன்று காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. "இது காட்டன்." கம்பளியாக இருந்தால் முடி கருகுகிற வாடை வரும் என்றும் சொன்னார். துணிப் பரிசோதனைக்கு இதைவிட எளிய வழி கிடையாது. நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிய அந்த பாலியஸ்டர் ட்ராக் பேண்ட்டோடு இரண்டு கணவாய் ஏறிவிட்டேன்.

முக்திநாதில் பெரியம்மா

நங்கநல்லூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்கிற முக்திநாத் பாக்கி என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரை அழைத்துக்கொண்டு போனேன். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரம். அங்கே கோயிலைச் சுற்றி அரைவட்டமாக 108 தாரைகள். பனி உருகிய தண்ணீர் வரிசையாகக் கொட்டும். அத்தனைக்கும் அடியில் ஓடிவிட்டு, முன்னால் இருக்கும் இரண்டு குளங்களிலும் முங்கி எழ வேண்டும் என்பது சம்பிரதாயம். நம்பிக்கையோடு போகிறவரைக் குளிக்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. குளித்து எழுந்த பிறகு அடுத்த பத்து நிமிடம் என்ன நடக்க வேண்டும் என்று மட்டும்தான் யோசித்தேன்.

கிளம்புவதற்கு முன் பெரியம்மாவின் முன்னால் எல்லாவற்றையும் பரப்பினேன். ஒரு நம்பர் பெரிதாக வாங்கிய பாலியஸ்டர் தெர்மல். ஃப்ளீஸ் பேண்ட். காற்றுத்தடுப்பு பேண்ட். ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். மொத்தம் 700 கிராமுக்குள்.

"ஏண்டா, பெருமாளைச் சேவிக்கப் போறேன். இதெல்லாம் போட்டுண்டா போவா?"

"சேவிச்சப்புறம் போட்டுக்கோங்கோ பெரியம்மா. புடவைக்குள்ள, யாருக்கும் தெரியாது."

"இறுக்கமா இருக்குமோ?"

அந்தக் கேள்வி முக்கியமானது. இறுக்கமான தெர்மல், அதற்கு மேல் இறுக்கமான சாக்ஸ் என்று போட்டால் கால் சூடாவதற்குப் பதில் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நரம்பு மரத்துப்போன பாதத்துக்குக் குளிர்வதே தெரியாது. முகாமுக்கு வந்ததும் கையால் தொட்டு, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அதனால்தான் ஒரு நம்பர் பெரிது.

எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினோம். போகாராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் விடிகாலையிலேயே பறந்துவிடுகிறது, ஏனென்றால் முற்பகலுக்கு மேல் கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று எழுந்துவிடும். அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று மறுநாள் தாரையடியில் பார்த்தேன். பெரியம்மா 108 தாரைக்கும் அடியில் போய்வந்தார். மூச்சு வாங்கியது. பற்கள் தந்தியடித்தன. பெண்கள் உடை மாற்றும் இடத்துக்கு என் மனைவி அழைத்துக்கொண்டு போனாள். முன்னாலேயே பேசி வைத்திருந்த வரிசைப்படி செய்தார்கள்: உலர்ந்த பாவாடையைத் தலைவழியே இறக்கு, ஈரப் புடவையை உள்ளிருந்து நழுவவிடு, துடை, தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், சாக்ஸ், கடைசியாகக் காற்றுத்தடுப்பு. பிறகு உலர்ந்த புடவை. வெளியே வந்தபோது கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது.

எங்களோடு வந்த குழுவில் பெரியவர் ஒருவர் ஈர வேட்டியை மாற்றாமலேயே சன்னிதியில் நின்றிருந்தார். மேலே தடிமனான ஸ்வெட்டர். கொஞ்ச நேரம் நடுங்கினார். பிறகு நடுக்கம் நின்றது. சுற்றியிருந்தவர்கள் பழகிவிட்டது என்று நினைத்தார்கள். அவரிடம் பேர் கேட்டேன், நாக்கு குழறியது. நடுக்கம் தானாக நின்று பேச்சு குழறினால் உடம்பு தோற்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்காத குறையாகப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய், வேட்டியை அவிழ்த்து, என் பையில் இருந்த என்னுடைய தெர்மலை மாட்டி, கம்பளியால் சுற்றி, வெந்நீரில் சர்க்கரை போட்டுக் குடிக்கவைத்தோம். முக்கால் மணி கழித்துத் தன் பேரைச் சரியாகச் சொன்னார்.

இமயம்வரை போக வேண்டியதுகூட இல்லை. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில், பிப்ரவரியிலிருந்து மே வரை ஆயிரக்கணக்கானவர்கள் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ராத்திரி நேரத்தில் ஏழு மலை ஏறுகிறார்கள். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளிக்கிறார்கள். ஈர வேட்டியோடு ஏழாவது மலைக்கு ஏறி, உச்சிக் காற்றில் விடியலுக்காகக் காத்து நிற்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து வாரக் கடைசியில் கிளம்பிப் போகிற பிள்ளைகளும் அதில் உண்டு. சுமக்க வேண்டியது ஒரு உலர்ந்த கால்சட்டையும் ஒரு கைப்பிடி காற்றுத்தடுப்பும்தான். இரண்டும் சேர்ந்து ஒரு தண்ணீர் பாட்டிலின் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லை.

பெரியம்மாவின் அந்தப் பை இப்போது நங்கநல்லூர் அலமாரியில் இல்லை. அடுக்ககத்தின் மூன்றாவது மாடி மாமி பத்ரிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போன வருடம் கீழ்வீட்டுப் பெண்ணோடு கேதார் போய்வந்தது. திரும்பி வந்ததும் பெரியம்மா தானே துவைத்து, மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்துக் காயப்போட்டு, காய்ந்த வேப்பிலை நாலு போட்டு மூடி வைக்கிறார். பையின் மேல் ஒட்டிய வெள்ளைக் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் அவர் கையெழுத்து: 'காலுக்கு. ராத்திரிக்கு மட்டும். நனைக்கப்படாது.'